உருளைக்கிழங்கு வயலில் இரண்டு பிவிக் அன்னங்கள்

தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே நோரீன் பின்னால் கையை நீட்டி, கணவனின் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"லார், நடுவுல பாரு. நடுவுல!"

"என்னத்தப் பாக்கறது? எல்லாம் அன்னந்தான். கொழுகொழுன்னு, ஊரான் வயல்ல ஓசிக் கிழங்கு தின்னுட்டு நிக்குது" என்றான் லார்.

ஜனவரி ஞாயிறு. வெக்ஸ்போர்டில் கடல் தடுப்புச் சுவரை ஒட்டிய பாதையில் இருவரும் வழக்கம்போல நடக்க வந்திருந்தார்கள். அறுவடையில் தப்பிய கிழங்கைத் தேடி நாற்பது ஹூப்பர் அன்னங்கள் வயலைக் கிளறிக்கொண்டிருந்தன. ஐஸ்லாந்திலிருந்து வருஷம் தவறாமல் வருகிறவை; அவற்றைப் பார்த்து யாரும் கோட்டை இழுப்பதில்லை. ஆனால் நடுவில் இரண்டு மட்டும் ஒரு சாண் குட்டை, கழுத்தும் குட்டை. பிவிக் அன்னங்கள்! ரஷ்யாவின் வடகோடியிலிருந்து வருகிற ஜாதி. அவை இந்தக் கரையில் கால் வைத்துப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது.

நோரீனுக்கு வாய்விட்டுக் கத்தத்தான் ஆசை. ஆனால் போன குளிர்காலத்தில் கத்தி, பட்டது போதும். அப்போது ஐந்து பிவிக் என்று ஊரெல்லாம் போன் போட்டாள். கொட்டுகிற மழையில் இருபத்துமூன்று கார்கள் வந்து நின்றன. ஐந்தும் ஹூப்பர். இரண்டு ஜாதிக்கும் அலகின் நுனி கறுப்பு, அடி மஞ்சள். ஹூப்பருக்கு அந்த மஞ்சள் மூக்குத் துளையைத் தாண்டிக் கூராக ஓடும். பிவிக்குக்குத் துளைக்கு முன்பே நின்றுவிடும். சேற்றைக் கிளறிய ஹூப்பர்களின் அலகில் மண் அப்பி, பாதி மஞ்சளை மறைத்திருந்தது. நோரீன் மண்ணைப் பார்த்து ஏமாந்தாள்.

மாவட்டத்தின் பறவைப் பதிவேடு மைல்ஸ் கோட்டியின் கையில் இருந்தது. அவர் கையெழுத்து விழாவிட்டால் எந்தப் பறவையும் வந்ததாகக் கணக்கே இல்லை. அவர் அன்று கைக்குட்டையை எடுத்து, எல்லார் முன்னாலும் தன் மூக்கைத் துடைத்துக் காட்டி, "அடுத்த தடவ மூஞ்சி கழுவிட்டு வரச் சொல்லும்மா" என்றார். அன்றிலிருந்து கறிக்கடைக்காரன்கூட, "உங்க பறவை குளிச்சுதா?" என்கிறான். இன்னொரு முறை தப்பாகச் சொன்னால் இந்த ஊரில் அவள் சொல்லை ஒரு குருவிகூட நம்பாது.

"போன் போட வேண்டியதுதான?" என்றான் லார்.

"கழுவட்டும்."

"என்னது?"

"அதுங்க மூஞ்சியக் கழுவட்டும். அப்பறம் போடறேன்."

"ரெண்டு வாத்து குளிக்கறதுக்கு நான் விறைச்சுச் சாகணுமா?"

"செத்துப் போயேன். யாரு வேணாங்கறா?"

முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். குடுவையில் தேநீர் தீர்ந்தது. லார் தன் கைபேசியில் எடுத்த படத்தில் வெள்ளைப் புள்ளிகள் மட்டும் விழுந்தன. ஒருவழியாக இரண்டும் ஆடி அசைந்து வாய்க்காலுக்கு வந்து, தலையை முக்கி உதறின. மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது. மூக்குத் துளைக்கு முன்பே வட்டமாக நின்றிருந்தது.

நோரீன் துள்ளிக் குதித்தாள். லாரையும் பிடித்துத் தொலைநோக்கியில் கண் வைக்கச் செய்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"தாயே, மறுபடியுமா?" என்றது மைல்ஸின் குரல்.

"கழுவியே பாத்தாச்சு. ரெண்டு! சாப்பாட்டைப் போட்டுட்டு ஓடி வாங்க."

போனில் கார்க்கதவு அறைந்து சாத்தும் சத்தம் மட்டும் கேட்டது.

அவர் வந்து சேர்வதற்குள் பக்கத்து வயலில் காக்கை விரட்டும் வெடி டமாரென்று வெடித்தது. கூட்டம் மொத்தமும் எழும்பியது. இரண்டு சின்னவையும் கத்திக்கொண்டே தனியாகப் பிரிந்து கடல் பக்கம் போய்விட்டன. ஆறு நிமிஷம் கழித்து மைல்ஸ் வீட்டுச் செருப்போடு வந்து இறங்கினார். எதிரே வெறும் சேறு.

"மைல்ஸ், சத்தியமா..."

"பேசாத! ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசக் கூடாது."

அவர் வழக்கம் அது. பார்த்தவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதற்கு முன், பறவைப் புத்தகத்தைப் புரட்டுவதற்கு முன், கண்ட அலகைத் தனித்தனியே வரைந்து தர வேண்டும். நோரீனைக் காரின் இந்தப் பக்கமும் லாரை அந்தப் பக்கமும் நிறுத்தினார். நோரீன் காரின் மேலாக லாரை எட்டிப் பார்த்தாள். கோழிக்கும் புறாவுக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன்! அவன் ஏதாவது கிறுக்கி வைத்தால் இவள் கதையும் முடிந்தது.

இரண்டு தாள்களையும் மைல்ஸ் காரின் மேல் பரப்பினார். இரண்டிலும் மஞ்சள் துளைக்கு முன்பே நின்றது. இரண்டிலும் ஒரு பறவைக்கு அலகின் மேல் கறுப்புக் கோடு நெற்றிவரை ஏறியது, மற்றதற்கு ஏறவில்லை. அந்த மற்றதன் கீழ் ஓரத்தில் ஒரு மஞ்சள் பொட்டு. அதுவும் இரண்டு தாளிலும் இருந்தது.

"வேல தெரியாதவன் பூசின மாதிரி இருந்துச்சு" என்றான் முப்பது வருஷமாகக் கடைப் பலகை எழுதுகிற லார். "பாதியிலயே மஞ்ச தீந்துபோச்சு. கீழ ஒரு சொட்டு வேற ஒழுக விட்டிருக்கான்."

நோரீன் நடுரோட்டில் அவனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். "எழுதுங்க! எழுதுங்க!" என்று மைல்ஸைப் பார்த்துக் கூவினாள். அவர் பதிவேட்டைத் திறந்து, இரண்டு என்று எழுதி, அவள் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டார்.

கைக்குட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் அவர் கிளம்பவில்லை. காலி வயலையே பார்த்துக்கொண்டு நின்றார். பதினோரு வருஷத்துக்கு முன் கடைசியாகப் பார்த்தவர் அவர்தான். ஒவ்வொரு ஜனவரியும் இதே வயல்களைச் சுற்றி வந்தவரும் அவர்தான். நோரீனுக்குப் பாவமாகப் போயிற்று.

"கத்துச்சா?" என்று கேட்டார்.

"ம். பறக்கறப்ப."

"எப்படி?"

எதிரே ஒரு டிராக்டர் வந்துகொண்டிருந்தது. ஓட்டி வந்தவன் தெரிந்தவன், ஊர் முழுக்கச் சொல்லிவிடுவான். நோரீன் கழுத்தை நீட்டினாள், இரண்டு கைகளையும் பின்னால் விரித்தாள், மென்மையாக இரண்டு முறை கத்திக் காட்டினாள். டிராக்டர் நின்றது.

மைல்ஸ் கண்ணை மூடியிருந்தார்.

"இன்னொரு தடவ" என்றார்.