சவரம் முடியும் வரை

போர்க்காலத்தில் எங்கள் தெருவுக்குச் சாவுச் சேதி கொண்டுவர ஓர் அதிகாரி இருந்தார். நல்ல மனுஷர். பெற்றவர்கள் முன்னால் முள்தாடியோடு போய் நிற்கக் கூடாதென்று, தெருமுனை சலூனில் சவரம் செய்துகொண்டுதான் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்.

சலூன்காரருக்கு இது புரிந்துபோயிற்று. அதிகாரியின் கன்னத்தில் நுரை இருக்கும்வரை யார் வீட்டிலும் இழவு இல்லை. அதனால் சவரத்தை இழு இழு என்று இழுப்பார். நான் வழுக்கைத் தலையன். ஓசிப் பேப்பருக்காக அங்கே கிடப்பவன். என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்: ஒருமுறை இடக் கன்னத்தை வழித்துவிட்டு வலக் கன்னத்தை முடிப்பதற்குள் இடப்பக்கம் மறுபடி முளைத்துவிட்டது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

"என்னய்யா, கையில இருக்கிறது கத்தியா, கரண்டியா?" என்று கேட்பேன்.

"இருங்க மாமா. எவளோ ஒருத்தி இப்பத்தான் சாப்பிட உக்காந்திருப்பா. தின்னு எழுந்திரிக்கட்டும்."

அவருடைய ஒரே மகனும் போர்முனையில்தான் இருந்தான்.

ஒருநாள் அதிகாரி வந்து சலூன் வாசலிலேயே நின்றார். முகம் வழவழவென்று இருந்தது; மோவாயில் வெட்டுக்காயம். தானே வழித்துக்கொண்டு வந்திருக்கிறார். சலூன்காரர் அந்தக் காயத்தையே பார்த்தார். இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் இங்கே சவரம் செய்துகொண்டு போக முடியாதே.

"அண்ணே..." என்று ஆரம்பித்தார் அதிகாரி.

"உக்காருங்க சார். தாடி காடு மாதிரி கெடக்கு."

"நான் சொல்றதக் கொஞ்சம்..."

"வாயத் தொறந்தா சோப்பு உள்ள போயிடும்."

தோளை அழுத்தி உட்காரவைத்து, மூக்குக்குக் கீழே முழுக்க நுரையால் அடைத்துவிட்டார். ரோமமே இல்லாத முகத்தில் கத்தி போனது. துடைத்தார். அதிகாரி வாயெடுப்பதற்குள் மறுபடி நுரை. கடைசியில் அவரும் அடங்கிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார்.

உச்சிவேளைக்குள் சோப்பு தீர்ந்தது.

"மாமா, சோப்பு." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "சீக்கிரம் மாமா. நுரை காயுது."

ஓடினேன். மளிகைக்கடையில் இருந்ததையெல்லாம் அள்ளிவந்தேன். அதுவும் கரைந்தது. பிறகு வீடு வீடாகக் கேட்டேன். ஏற்கெனவே சேதி வந்த வீடுகளில் எதற்கென்று யாரும் கேட்கவில்லை. துணி சோப்பு, குளிக்கிற சோப்பு, பாதி தேய்ந்தது, கைக்குக் கிடைத்ததை எடுத்துவந்து வரிசையாக நின்றார்கள். நுரை படியிறங்கித் தெருவில் ஓடியது. நாயொன்று வழுக்கிக்கொண்டே கடைசி வீடு வரைக்கும் போனது. சிரிக்கத்தான் ஆளில்லை.

வரிசையின் கடைசியில் சலூன்காரர் மனைவி. கையில் உறை பிரிக்காத புதுச் சோப்பு. அவளைக் கண்டதும் எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"என்னங்க, ஆளாளுக்கு சோப்பத் தூக்கிட்டு ஓடுறாங்க, கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறாங்க. சரி, நம்ம பங்கும் இருக்கட்டுமேன்னு கொண்டாந்தேன். யாருக்குங்க இது?"

சலூன்காரர் சோப்பை வாங்கிக்கொண்டார். உறையைப் பிரிக்க விரல் வரவில்லை. நாற்காலியில் அதிகாரி கண்ணைத் திறந்தார். அவர் உதட்டில் நுரை காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.