பதினேழாம் டப்பா

1998-ல் எங்கள் கல்லூரியில் ஒரு போட்டி நடத்தினேன். நடத்தச் சொல்லி யாரும் கெஞ்சவில்லை. ஒரு பொருளின் முப்பரிமாண வடிவத்தைக் கொடுத்தால், அதேபோல இருக்கும் மற்ற வடிவங்களைக் குவியலிலிருந்து கணினி தேடி எடுக்க வேண்டும். யாருடைய புரோகிராம் நன்றாகத் தேடுகிறது என்பதுதான் போட்டி. இதைக் கேட்ட நான் குடியிருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் வாடகை வீட்டின் சொந்தக்காரர், "தொலைஞ்ச சாமானக் கண்டுபிடிச்சுக் குடுக்குமா சார்?" என்றார். தொலையாத சாமானை மட்டும்தான் கண்டுபிடிக்கும் என்றேன். அதன்பிறகு அவர் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை.

வடிவங்களுக்கு ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் ஸ்டோர்தான் கதி. தொண்ணூறு உதிரி பாகங்களை நானும் இரண்டு மாணவர்களும் இரண்டு மாதம் அளந்து, புள்ளி புள்ளியாகக் கணினியில் ஏற்றினோம். அடுத்து, எது எதைப் போன்றது என்று ஒரு விடைப் பட்டியல் வேண்டும். இங்கேதான் என் மூளை வேலை செய்தது. ஸ்டோர் கீப்பர் ஐயாதுரை அந்தப் பாகங்களை இருபத்திரண்டு தகர டப்பாக்களில் பிரித்து, பெயின்ட்டால் எண் போட்டு வைத்திருந்தார். முப்பது வருஷக் கை. ஒரு டப்பா, ஒரு வகை. எண்களைப் பார்த்து எழுதிக்கொண்டேன். விதிமுறைத் தாளில், 'விடைப் பட்டியல் துறை வல்லுநரால் தயாரிக்கப்பட்டது' என்று அச்சடித்தேன்.

மூன்று பேர் கலந்துகொண்டார்கள். மதுரையிலிருந்து ஒருவர், நெல்லையிலிருந்து ஒருவர், ராஜபாளையத்திலிருந்து பரிபூரணம். அவர் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். அவருடைய புரோகிராமுக்கு வயது நான்கு. "இதுல முதலிடம் வந்தா பி.எச்.டி.க்கு எடுத்துக்கிடுறேன்னு மதுரை யுனிவர்சிட்டி புரொபசர் ஒருத்தர் சொல்லியிருக்காவ. இல்லேன்னா விட்டுரச் சொல்றாவ" என்று பிளாப்பியைத் தரும்போது சொன்னார்.

ஒப்பிடுவதற்காக நானும் அரைநாளில் ஒரு புரோகிராம் எழுதி, போட்டிக்கு வெளியே வைத்தேன். நீளம், அகலம், உயரம் பார்க்கும், வேறொன்றும் தெரியாது. வீட்டு வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டுவதில்லையா, அப்படி. இந்தப் பூசணிக்காயைத் தாண்டாதவருக்கு முதலிடம் கிடையாது என்று விதியும் எழுதினேன்.

போட்டியன்று காலை எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தபோது பூசணிக்காய்தான் முதலில் வந்தது. பரிபூரணம் அதற்கு அடுத்து.

வருத்தப்பட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மையில், இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டேன். துறைத் தலைவர் சௌந்தரபாண்டியன் சிரித்தார். "உம்ம அரைநாளத் தாண்ட அவங்களுக்கு நாலு வருஷம் பத்தலியாய்யா? சரி, முதல் பரிசு இல்லைன்னு நாலு மணிக்குச் சொல்லிரும்."

பரிபூரணம் அழவில்லை. "நான் தப்பு விட்டத மட்டும் பாக்கலாமா சார்?" என்றார்.

பதினேழாம் டப்பாவைத் திரையில் போட்டேன். ஒரு வளையம். பக்கத்தில் ஆறு மூலையுள்ள ஒரு துண்டு.

"இது ரெண்டும் ஒண்ணு போலயா சார் இருக்கு?"

"வல்லுநர் அப்படித்தான்..."

"அவிய ஏன்னு சொன்னாவளா?"

பதினொன்றரை மணி பஸ்ஸில் இருவரும் ராஜபாளையம் போனோம்.

ஐயாதுரை டப்பாவைக் கவிழ்த்தார். "இது வெளிநாட்டு வளையம் சார். வர மாசக்கணக்காவும். அதுவரைக்கும் மிஷின் நிக்க முடியுமா? ஆறு மூலைக் கம்பிய வெட்டி, லேத்துல துளை போட்டு, இத மாத்துக்குப் போட்டுருவோம். அளவு சரியா இருந்தாப் போதும், மூஞ்சியா முக்கியம்?"

அளவு மட்டும் பார்க்கும் என் பூசணிக்காய் ஏன் ஜெயித்தது என்பது அங்கே, எண்ணெய்ப் பிசுக்குத் தரையில் உட்கார்ந்து எனக்கு விளங்கியது. இப்படி ஒரே வேலைக்குப் போடும் வேறு வேறு வடிவங்கள் நான்கு டப்பாக்களில் கிடந்தன.

எங்கள் முகத்தைப் பார்த்து ஐயாதுரை பதறினார். "நான் எதுவும் தப்பா வச்சுட்டேனா சார்?"

"இல்ல அண்ணாச்சி. நான்தான் உங்ககிட்ட ஒரு வார்த்த கேக்காம எழுதிட்டேன்."

திரும்பி வந்து அந்த நான்கு டப்பாக்களை நீக்கிக் கணக்குப் போட்டேன். பரிபூரணம் முதலிடம், பூசணிக்காய் கடைசி. சௌந்தரபாண்டியனிடம் ஓடினேன்.

அவர் இந்த முறை சிரிக்கவில்லை. "மார்க்கப் பாத்த பொறவு விடையத் திருத்தினா அதுக்குப் பேரு என்னய்யா? மத்த ரெண்டு பேரையும் ஸ்டோருக்குக் கூட்டிட்டுப் போனீரா?"

வாசலில் நின்ற பரிபூரணம்தான் பேசினார். "சார் சொல்றது சரி. திருத்திக் குடுக்குற முதலிடம் எனக்கு வேண்டாம். போட்டி தப்புன்னு மட்டும் சொல்லிருங்க."

நாலு மணிக்கு மேடையேறி, போட்டி செல்லாது, விடைப் பட்டியல் தவறு, தயாரித்தது வல்லுநர் அல்ல, நான் என்று வாசித்தேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஒருவரும் கைதட்டவில்லை. பரிபூரணத்தின் மதுரைப் பேராசிரியருக்கும் ஒரு கடிதம் கொடுத்தனுப்பினேன். பரிபூரணம் ஜெயித்தார் என்று அதில் எழுத வழியில்லை. நான் தோற்றேன் என்றுதான் எழுத முடிந்தது. பேராசிரியர் அந்த பி.எச்.டி. இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்.

மறு வருஷம் மறுபடி நடத்தினேன். புதிய பாகங்கள், பழைய புரோகிராம்கள், ஒரு வரிகூட மாற்றக் கூடாது. வடிவங்களைப் பிரிக்க மூன்று பேரைத் தனித்தனியாக உட்கார வைத்தேன். அதில் ஒருவர் ஐயாதுரை. வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். திரைக்கு முன்னால் உட்கார்ந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சார், மாத்துப் பாக்கவா, மூஞ்சி பாக்கவா?"

அந்தக் கேள்வியை ஒரு வருஷம் முன்னால் நான் கேட்டிருக்க வேண்டும்.

"மூஞ்சி, அண்ணாச்சி."

பரிபூரணம் முதலிடம் வந்தார். அதே மதுரைப் பேராசிரியரிடம், ஒரு வருஷம் பிந்தி, பி.எச்.டி.க்குப் பதிவு செய்தார். பூசணிக்காய் கடைசி. அந்தப் பட்டியலில் அதற்கு நேரே என் பெயரை முழுதாக, இனிஷியலோடு அச்சடிக்கச் சொன்னேன்.