தாகம் விட்டுப்போனவள்

கொழும்பு ஜிந்துப்பிட்டியில் பெரிய கழிவுநீர்க் கானை ஒட்டிக் கிடக்கும் வாளித் தோட்டம் என்ற குடிசைப் பகுதியில் ஹபீலா என்ற பெண் வருடக்கணக்காக ஒரு சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. காரணம் பக்தியுமல்ல, நோயுமல்ல, கதவு. தோட்டம் முழுவதற்கும் பொதுவாக நான்கு கக்கூஸ்கள் இருந்தன. காஸ் சிலிண்டருக்கு நாடே வரிசையில் நின்ற வருடம் அவற்றின் பலகைக் கதவுகளை யாரோ கழற்றி அடுப்பெரித்துவிட்டார்கள். யாரோ என்ன, எல்லாருந்தான்; ஹபீலாவின் அடுப்பிலும் அதில் ஒரு துண்டு எரிந்தது. அதன்பிறகு பெண்கள் விடியுமுன் ஒரு தடவையும் இருட்டியபின் ஒரு தடவையுமாக, ஒருத்தி போக இன்னொருத்தி துணியை விரித்து மறைக்க, போய்வரப் பழகினார்கள். இடைப்பட்ட பகலைக் கடத்துவதற்காக எல்லாரும் தண்ணீரைக் குறைத்தார்கள். மற்றவர்கள் அரைகுறையாகச் செய்ததை ஹபீலா முழுதாகச் செய்தாள், அவ்வளவுதான். முதலில் தலை சுற்றியது, உதடு வெடித்தது. பிறகு தாகம் வருவதே நின்றுபோனது. நோன்பு திறக்கும்போதுகூடப் பேரீச்சம்பழத்தோடு எழுந்துவிடுவாள். கொச்சிக்கடைக் கிட்டங்கியில் மூட்டை தூக்கும் அவளுடைய புருஷன் ஸஹாப்தீன் பயந்துபோய் அவளை டொக்டரிடம் கூட்டிப்போனான். டொக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், ஈரமாகத்தான் இருந்தது. விற்றமின் எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

தோட்டத்தில் இதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. ஹபீலாவும் எடுக்கவில்லை, மகள் பஸ்லா பெரியவளாகும் வரைக்கும். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த பஸ்லா, ஒழுங்கை முனையில் நின்று நிறைபோத்தல் தண்ணீரைக் கானுக்குள் ஊற்றுவதைத் தாய் கண்டாள்.

"ஏன் புள்ள குடிக்கல்ல?"

"நானும் பழகுறேன் உம்மா. உங்களுக்கு ஏலும்தானே."

சொன்ன குரலில் பெருமை இருந்தது. அதுவரை பிள்ளையைக் கைநீட்டி அறியாத ஹபீலா அவளுடைய கன்னத்தில் அறைந்தாள். அறைந்த சூடு ஆறுமுன் பக்கத்து வீட்டு றெஜியிடம் போய், "இனி ஏலாது றெஜி. நாங்களே கட்டுவோம்" என்றாள்.

உறுதிப் பத்திரம் இல்லாத காணிக்கு ஒரு பொதுக்குழாய் தந்ததே தர்மம் என்று அதிகாரிகள் சொல்லிவந்த இடம் அது. ஆகவே அவர்களிடம் யாரும் போகவில்லை. புஷ்பராஜ் என்ற மேசன் கிழமை நாட்களில் வெள்ளவத்தை மாடிவீடுகளில் ஒரு வீட்டுக்கு மூன்று குளியலறை வீதம் டைல்ஸ் பதித்துவிட்டு, ஞாயிறுகளில் இங்கே வந்து நூல் பிடித்தான். பெண்கள் குழி வெட்டினார்கள். ஆண்கள் கானைக் கிண்டினார்கள். மெத்தைகளும் பழைய டிவிகளும் ஒரு முழு மோட்டார் சைக்கிளும் வெளியே வந்தன. வீட்டுக்கு வீடு குப்பையைப் பிரித்து, போத்தலையும் இரும்பையும் விற்று, சீமெந்து வாங்கினார்கள். ஒரு வருடத்துக்குள் எட்டுக் கக்கூஸ்கள் எழும்பின. கதவுகள் இரும்பு. தாழ்ப்பாள் உள்பக்கம்.

திறப்புவிழாவுக்கு மட்டும் ஓர் அரசியல்வாதி வந்தார். ரிப்பனை வெட்டினார், தன் பெயர் பொறித்த கல்லைப் பதிப்பித்தார், கமராவுக்கு முன்னால் ஹபீலாவிடம் ஒரு கிளாஸ் தண்ணீரை நீட்டினார். அவள் மனப்பூர்வமாகத்தான் வாயைத் திறந்தாள். தண்ணீர் உதடுவரை வந்து, உள்ளே போகாமல் திரும்பி, தாடை வழியாக இறங்கி அவருடைய காலிலிருந்த வெள்ளைச் சப்பாத்தில் கொட்டியது. மூன்று தடவை முயன்றார்கள். உடம்பு மறந்துவிட்டது என்று றெஜி சொன்னாள். இப்படியாக, தான் கட்டிய கக்கூஸில் ஹபீலாவுக்கு அதிகம் வேலையில்லாமல் போயிற்று. சில நாட்களில் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு வருவாள்.

செய்தி பரவியது. அடுத்த வறட்சியில் தோட்டத்துக் குழாயைத்தான் முதலில் பூட்டினார்கள். தண்ணீர் அலுவலகத்துக்குக் கேட்கப் போனவர்களிடம் அதிகாரி சிரித்துக்கொண்டு சிங்களத்தில் சொன்னார்: குடிக்காமல் வாழத் தெரிந்தவர்கள் உங்கள் தோட்டத்தில் இருக்கிறார்கள், மற்றவர்களும் பழகலாமே. அதற்குள் புதுக் கக்கூஸ்கள் நாறத் தொடங்கியிருந்தன. றெஜிதான் வாயைத் திறந்தாள்.

"சரி சேர். அப்ப நாங்க இங்க இருந்தே குடிக்கிறம்."

மறுநாள் காலையிலிருந்து வாளித் தோட்டத்துப் பெண்கள் அந்தக் கந்தோர் விறாந்தையில் வந்து உட்கார்ந்து, அங்கிருந்த குழாயில் போத்தல் போத்தலாகப் பிடித்துக் குடித்தார்கள். குடித்துவிட்டுக் கந்தோர்க் கக்கூஸுக்கு வரிசையில் நின்றார்கள். வரிசை குறையவேயில்லை. ஹபீலா கதவடியில் காவல் நின்றாள். பஸ்லா எல்லாரிலும் கூடுதலாகக் குடித்தாள்; தாய் கண்ணெடுக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழமை முடியுமுன் அங்கே வேலைசெய்யும் பெண்கள் தண்ணீர்ப் போத்தலை வீட்டிலேயே வைத்துவிட்டு வரத் தொடங்கினார்கள். ஒருத்தி மயங்கி விழுந்தாள். அன்று பின்னேரம் தோட்டத்துக் குழாயைத் திறந்துவிட்டார்கள், காலையில் இரண்டு மணித்தியாலம் மட்டும். அதை வெற்றி என்று சொல்லி றெஜி எல்லாருக்கும் பணிஸ் வாங்கிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு தெமட்டகொடை ரயில் பாதையோரத்திலிருந்து மூன்று பெண்கள் ஹபீலாவைத் தேடி வந்தார்கள். அவர்கள் பக்கம் கதவுமில்லை, கக்கூஸுமில்லை. தண்ணீர் குடிப்பதை விடுவது எப்படியென்று கேட்டார்கள். ஹபீலாவுக்குக் கோபம் வந்தது. அதெல்லாம் பழகக் கூடாது, கட்டுங்க, புஷ்பராஜை அனுப்புறேன், கூடவே நானும் வந்து குழி வெட்டுறேன் என்றாள். அவர்கள் மறுக்கவில்லை. மூத்தவள் மட்டும் கேட்டாள்:

"கட்டி முடியிற வரைக்கும்?"

பஸ்லா வீட்டுக்குள் இருக்கிறாளா என்று ஹபீலா எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "முதல்ல டீய விடுங்க" என்றாள்.

மூவரில் ஒருத்தி சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். மற்ற இருவருக்கும் அடுத்த மழைக்குள் குடிக்காமலிருப்பது கைவந்துவிட்டது. தெமட்டகொடையில் அதை யாரும் அதிசயமென்று சொல்வதில்லை.