எண்ணூறு மீட்டர் வாய்க்கால்

செல்வராணிக்குக் கோபம் வந்தால் முதலில் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள். அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்குப் பசுஞ்சோலை நகர் வளைவுக்குக் கீழே வந்து நின்றபோதே செருகியாகிவிட்டது.

பசுஞ்சோலையாம்! இரண்டு வருடத்துக்கு முன்னால் அங்கே நிஜமாகவே சோலை இருந்தது. நல்ல காய்ப்புள்ள முந்திரிக்காடு. அதை ஜேசிபி வைத்து ஒரே வாரத்தில் வழித்தெடுத்துவிட்டு, மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லை வரிசையாக நட்டு, கொடி கட்டி, பெயரில் மட்டும் பச்சையை வைத்துக்கொண்டார்கள். மரத்தை வெட்டியதைக்கூட விட்டுவிடலாம். அவரவர் பட்டா, அவரவர் மனசாட்சி. ஆனால் அந்தக் காட்டுக்கு நடுவேதான் சித்தேந்தல் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்து வாய்க்கால் ஓடியது. அதைக் கிராவல் மண் கொட்டி மூடி, குறுக்கே இரண்டடி உயரத்துக்கு ரோடு போட்டுவிட்டார்கள். தண்ணீர் போக ஒரு குழாய்கூடப் பதிக்கவில்லை.

போன ஐப்பசியில் மழை நன்றாகத்தான் பெய்தது. மேட்டிலிருந்து இறங்கிய தண்ணீர் அந்த ரோட்டில் முட்டித் திரும்பிக் கீழத்தெருவுக்குள் புகுந்தது. முனியாயி வீட்டு மண்சுவர் இடிந்து விழுந்தது. கண்மாயிலோ கணுக்கால் அளவு தண்ணீர். அதை நம்பி நட்ட அறுபது ஏக்கரும் கதிர் வரும் நேரத்தில் காய்ந்தது. அதில் செல்வராணியின் முக்கால் ஏக்கரும் சேர்த்தி. ஒரே மழையில் வீடு மூழ்கி வயல் காய்ந்த கூத்து வேறு எந்த ஊரில் நடக்கும்? இந்த வருடமும் இப்படியே விட்டால் கண்மாயை மறந்துவிட வேண்டியதுதான். ஐப்பசி பிறக்க இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

ஊரே கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்து, எட்டு மாதம் நடையாய் நடந்து, ஒருவழியாக இன்றைக்கு அதிகாரிகள் இடத்தைப் பார்க்க வருகிறார்கள். வேலைநாள் என்பதால் நூறு நாள் வேலைப் பெண்கள் முப்பது பேரும் மண்வெட்டி, சட்டியோடு வந்து நின்றார்கள். செல்வராணிதான் அவர்களுக்குப் பணித்தளப் பொறுப்பாளர்.

அதிகாரிகள் வருவதற்கு முன்பே சிவபிரகாஷ் வந்து இறங்கினான். பசுஞ்சோலை நகர் அவனுடையது. பக்கத்து ஊர்க்காரன்தான், சிங்கப்பூரில் பத்து வருடம் இருந்துவிட்டு வந்து மனை போட்டு விற்கிறான். மரியாதையில் மட்டும் குறை வைக்க மாட்டான்.

"செல்வராணிக்கா, சாப்டீங்களா?"

"சாப்டாச்சு தம்பி. ஒங்க ரோட்டப் பாத்தாத்தான் செரிக்க மாட்டேங்குது."

சிரித்தான். அவளை ஓரமாகக் கூப்பிட்டுக் குரலைத் தணித்தான்.

"அந்தச் சிமெண்டுப் பலகையக் காட்டப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். வேணாங்க்கா. நீங்க அனுப்புற வேலைப் போட்டோவெல்லாம் நெட்டுல நானும் பாத்துட்டேன். அதக் காட்டுனா மொதல்ல ஒங்க வேலைதான் போகும்."

பாவி, சரியான இடத்தில் கை வைத்துவிட்டான்.

வாய்க்காலின் கீழ்முனையில், புங்கமரத்தடியில் அந்தப் பலகை நிற்கிறது. 'சித்தேந்தல் கண்மாய் வரத்து வாய்க்கால் தூர்வாரும் பணி, நீளம் 800 மீட்டர்' என்று அரசாங்கமே எழுதி நட்டது. வாய்க்கால் பட்டா நிலத்துக்குள் ஓடியதால் நில வரைபடத்தில் அதற்குக் கோடு கிடையாது. அப்படி ஒரு வாய்க்கால் இருந்தது என்று சொல்ல ஊருக்கு இருந்த ஒரே அரசாங்க எழுத்து இந்தப் பலகைதான்.

ஆனால் வெட்டியது எண்ணூறு மீட்டர் இல்லை. நூறு மீட்டர். புங்கமர நிழலை ஒட்டிய கீழ்முனை மட்டும். மேலே முந்திரிக்கு நடுவே வாய்க்கால் ஓடிய பட்டை வெட்டவெளி, நிழல் கிடையாது, குடிக்கத் தண்ணீர் கிடையாது, சீமைக்கருவேல முள் காலைக் கிழிக்கும். மேலிடத்துக்கோ காலையில் ஒரு படம், மதியம் ஒரு படம் போய்ச் சேர்ந்தால் போதும். 'இங்கிட்டே நின்னுக்குவோம் ராணி' என்று முதல் வருடம் பெண்கள் சொன்னார்கள். சரியென்று தலையாட்டியவள் செல்வராணிதான். மூன்று வருடம் அதே நூறு மீட்டரைச் சீவிச் சீவிச் சுத்தம் செய்தார்கள். மேலே எழுநூறு மீட்டரும் முள் மூடி, அங்கே வாய்க்கால் இருந்ததே வெளியாளுக்குத் தெரியாமல் போனது. சிவபிரகாஷுக்கு அது வசதியாகப் போயிற்று. இதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

இரண்டு ஜீப்புகள் வந்து நின்றன. தாசில்தார், சர்வேயர், நூறு நாள் வேலையைக் கவனிக்கும் பி.டி.ஓ. மூவரும் இறங்கினார்கள். சர்வேயர் வரைபடத்தை ஜீப்பின் மூக்கில் விரித்து, விரலை ஒருமுறை ஓட்டினார்.

"இதுல வாய்க்கால்னு எதுவும் இல்லீங்க சார். பூராம் பட்டா."

கண்மாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் வெள்ளைச்சாமிக்குப் பொறுக்கவில்லை. "படத்துல இல்லேன்னா தண்ணிக்குத் தெரியுமாங்க? எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து இந்த வழியாத்தான வருது!"

"ரெக்கார்டு இருக்கா? வாயால சொல்றத நான் எழுத முடியாது" என்றார் தாசில்தார்.

வெள்ளைச்சாமி திரும்பிச் செல்வராணியைப் பார்த்தார். சிவபிரகாஷும் பார்த்தான், பார்த்து, வேண்டாமென்று லேசாகத் தலையை ஆட்டினான்.

பக்கத்தில் நின்ற முனியாயி அவள் கையைப் பிடித்தாள். "ராணி, சொன்னா ஒன் தலைதான்டி உருளும்."

"சொல்லாட்டி ஒன் வீடு உருளுமே அத்த." செல்வராணி கையை உதறிக்கொண்டு முன்னால் போனாள். "ரெக்கார்டு இருக்கு சார். வாங்க காட்டுறேன்."

புங்கமரத்தடிக்குப் போனார்கள். தாசில்தார் பலகையைப் படித்தார், பி.டி.ஓ.வைப் பார்த்தார். தன் அலுவலகம் வைத்த பலகை என்பதால் பி.டி.ஓ. நிமிர்ந்து நின்றார். அதற்குள் சிவபிரகாஷ் கைபேசியை நீட்டிவிட்டான்.

"சார், மூணு வருஷத்துப் போட்டோவும் இருக்கு. எல்லாத்துலயும் இதே புங்கமரம், இதே கெளை. பலகையில எண்ணூறு, வெட்டுனது நூறு. மேல வாய்க்கால் இருந்தா வெட்டியிருப்பாங்கல்ல? இல்லாத வாய்க்கால எப்புடி வெட்டுவாங்க?"

பெண்கள் தரையைப் பார்த்தார்கள். அடேயப்பா, எவ்வளவு சுத்தமாக மடக்கிவிட்டான்! செல்வராணி முந்தானையை இன்னொரு முறை இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

"வெட்டல சார். உண்மைதான்" என்றாள். "நெழலா இருக்குன்னு இங்கனயே நின்னு படம் புடிச்சோம். புடிச்சவ நானு. தப்புத்தான், எழுதிக்கங்க. இந்தப் பொம்பளைகள ஒண்ணும் செய்யாதீக, நான் சொல்லித்தான் நின்னாக. ஆனா வெட்டாம விட்டா வாய்க்கால் இல்லாமப் போயிருமா? தலைக்கு எண்ணெய் வைக்கலேன்னா தலையே இல்லேன்னு அர்த்தமா? மேல எழுநூறு மீட்டரு இந்தா இவரு மனைக்கும் ரோட்டுக்கும் அடியில கெடக்கு. நா செஞ்சது சோம்பேறித்தனம். இவரு செஞ்சது அநியாயம். ரெண்டையும் எழுதுங்க!"

தாசில்தார் தொண்டையைக் கனைத்தார். "வாய்க்கால் விஷயத்த மேல எழுதுறேன்மா. அதுக்குன்னு ஒரு முறை இருக்கு."

"எத்தன நாளாகும்?"

"அதெல்லாம் இப்ப சொல்ல முடியாது."

செல்வராணி விஷயத்துக்கு அந்த முறையெல்லாம் தேவைப்படவில்லை. பி.டி.ஓ.வுக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் மானம் போனால் சும்மா இருப்பாரா? ஜீப்புக்குத் திரும்பி நடந்து, அதன் மூக்கிலேயே கார்பன் வைத்த தாளை விரித்து விறுவிறுவென்று எழுதினார், பையிலிருந்து முத்திரையை எடுத்துக் குத்தினார், அவளிடம் நீட்டினார். ஊர்த் தண்ணீரை மறித்தவன் மேல் எழுத எத்தனை மாதமோ தெரியாது. நிழலில் நின்றவள் மேல் எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. என்ன நியாயமடா இது!

"கையெழுத்துப் போடும்மா. இன்னையிலிருந்து நீ பொறுப்பாளர் கெடையாது."

மூன்று வருடமாக அவள் பெயருக்கு முன்னால் இருந்த மரியாதை அத்தோடு போயிற்று. கண்ணில் நீர் முட்டியது. அதைத் துடைத்துக்கொண்டு, போடுவதற்கு முன்னால் படித்துப் பார்த்தாள். ஒருமுறை படித்தவள், மறுபடியும் படித்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்க உரக்கப் படித்தாள்.

"'சித்தேந்தல் கண்மாய் வரத்து வாய்க்காலில், தற்போது பசுஞ்சோலை நகர் மனைப்பிரிவு வழியாகச் செல்லும் 700 மீட்டர் நீளத்தைத் தூர்வாராமல் விட்டது கடும் குற்றமாகும். விடுபட்ட பகுதியைத் தங்கள் சொந்தப் பொறுப்பில் உடனே வெட்டி முடிக்க வேண்டும். தவறினால் காவல்துறையில் புகார் அளிக்கப்படும்.'"

முதலில் விளங்கியது சிவபிரகாஷுக்குத்தான். "சார், அதுல என் சைட் பேர எதுக்கு எழுதுனீங்க?" என்று பதறினான். தாசில்தார் பி.டி.ஓ.வைப் பார்த்தார். பி.டி.ஓ. தன் கையிலிருந்த முத்திரையைப் பார்த்தார். செல்வராணி அதற்குள் கையெழுத்தைப் போட்டு, நகலை அவரிடம் கொடுத்துவிட்டு, முத்திரை குத்திய தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அத்த, மம்பட்டியக் குடு."

"எங்கிட்டுடி போற?"

"மேல. விட்ட எடத்துக்கு."

முனியாயி கொடுக்கவில்லை. மண்வெட்டியைத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். மற்றவர்களும் நடந்தார்கள். வெள்ளைச்சாமி வேட்டியை மடித்துக் கட்டினார். நிழலே இல்லாத கிராவல் ரோட்டில், பதினாலாம் நம்பர் மனைக்கு எதிரே, பழைய வாய்க்கால் குறுக்கே போன இடத்தை வெள்ளைச்சாமி காலால் கோடு கிழித்துக் காட்டினார்.

சிவபிரகாஷ் ஓடிவந்தான். "அக்கா, இது என் பட்டா எடம்! ரோட்ட வெட்டுனா சும்மா விட மாட்டேன்!"

"நா என்ன தம்பி செய்யட்டும்? வெட்டலேன்னா போலீசு வருமாமே. சந்தேகம்னா அந்தா நிக்கிறாரு, அவருட்டயே கேளுங்க."

அவன் திரும்பிப் பார்த்தான். பி.டி.ஓ. ஜீப்புக்குள் ஏறி உட்கார்ந்திருந்தார். தாசில்தார் யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தார், அல்லது பேசுவதுபோல் நின்றார்.

பெண்கள் மூன்று வருடப் பழக்கத்தில் வரிசையாக நின்று செல்வராணியின் முகத்தைப் பார்த்தார்கள். வேலை தொடங்குமுன் படம் எடுக்க வேண்டுமே. அவள் தன் கைபேசியை எடுத்துச் சிவபிரகாஷிடம் நீட்டினாள்.

"இந்தாங்க தம்பி, இன்னைக்கு நீங்களே எடுங்க. இதுல புங்கமரம் விழாது."

சொல்லிவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள். முனியாயியின் மண்வெட்டி கிராவலில் இறங்கியது.