நர்சுனுக்கும் சேர்த்து

தார்சினா நாள் முழுக்க எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நிற்பவள். அந்த எண்ணெயில் ஒரு சொட்டுகூட நாக்கில் படக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பித்தப்பையில் கல். புர்வோகெர்த்தோ நகரப் பேருந்து நிலையத்தின் மதிலோரம் அவளுடைய தள்ளுவண்டி. டெம்பே என்னும் புளித்த சோயா வில்லைகளை மாவில் தோய்த்து, முழுக்க வேகவிடாமல் துவளத் துவள எடுத்துத் தருவாள். வலி வந்தால் கரண்டியை வைத்துவிட்டு வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். வாங்க வந்தவர்கள், ஏதோ யோசிக்கிறாள் போலும் என்று காத்திருப்பார்கள்.

நாட்டில் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அவளுக்கும் இருந்தது, ஆனால் செத்துக் கிடந்தது. கணவன் நர்சுன் மர ஆலை வேலை என்று கடல் தாண்டிக் கலிமந்தான் போய், அங்கே வேறொருத்தியுடன் தங்கிவிட்ட பிறகு அவள் சந்தா கட்டவில்லை. பயன்படுத்தாத அட்டைக்கு என்ன கடன் ஏறிவிடப் போகிறது என்று இருந்துவிட்டாள். ஏறியிருந்தது. அவளுக்கு மட்டுமல்ல, நர்சுனுக்கும் சேர்த்து. குடும்ப அட்டையில் பெயருள்ள எல்லோருக்கும் ஒன்றாகத்தான் கட்ட வேண்டும். அதில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் இன்னும் அவன் பெயர்தான்.

"அந்தப் பேரை எடுத்துடுங்களேன்" என்று தெருத் தலைவர் குஸ்வண்டியிடம் கேட்டாள்.

"எடுக்கணும்னா விவாகரத்துத் தீர்ப்பு வேணும். இல்லன்னா, நான் இங்க குடிமாறிட்டேன்னு அவனே எழுதித் தரணும். கோர்ட்டுக்குப் போனா மாசக்கணக்காகும். உன் கல்லு அதுவரைக்கும் சும்மா இருக்குமா?"

"அப்ப ஓடிப்போனவருக்கும் நான்தான் அழணுமா?"

"ஓடிப்போனானா, உக்காந்திருக்கானான்னு அட்டைக்குத் தெரியாதும்மா."

தெருப் பெண்கள் மாதாமாதம் போடும் குலுக்கல் சீட்டில் அந்த மாதம் பக்கத்து வீட்டு ரசெம் பெயர் விழுந்தது. அவள் பணத்தை அப்படியே தார்சினாவின் மடியில் வைத்தாள்.

"வேணாம்க்கா."

"வச்சுக்கடி. உன் பேரு விழறப்ப எனக்குக் குடு. உன் புருஷன் தூரத்துல இருந்துக்கிட்டு செலவு வைக்கிறான், என் புருஷன் வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே வைக்கிறான். அவ்வளவுதான் வித்தியாசம்."

சந்தா பாக்கியைக் கட்டப் போன மினிமார்க்கெட்டின் கல்லாவில் இருந்த பெண், சரிபார்ப்பதற்காக இரண்டு பெயர்களையும் உரக்கப் படித்தாள். நர்சுன், தார்சினா. அந்த இரண்டு பெயர்களையும் யாரும் ஒரே மூச்சில் சொல்லி நான்கு வருடம் ஆகிவிட்டிருந்தது. தார்சினா தலையை மட்டும் ஆட்டினாள்.

அட்டை உயிர்பெற்றது. ஆனால் உயிர்பெற்ற நாற்பத்தைந்து நாளுக்குள் ஆஸ்பத்திரியில் படுத்தால் அபராதம். பாக்கி வைத்த மாதங்களையெல்லாம் கணக்கில் சேர்ப்பார்கள். அபராதத்துக்கு இன்னொரு சீட்டு கிடையாது. எனவே அவள் கல்லுடன் காத்திருந்தாள். வெறும் சோறும் வெந்த கீரையும்.

இரண்டாவது வாரம், சட்டியைத் தேய்த்துக் கவிழ்க்கும் நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"தார்சி?"

அவளை அப்படிக் கூப்பிடுகிறவன் நர்சுன் ஒருவன்தான்.

"இங்க கிளினிக்குல அட்டையக் காட்டினேன். ஓடுதுன்னாங்க. நீதான் கட்டினியா?"

"எனக்குக் கட்டினேன். நீங்க ஒட்டிக்கிட்டு வந்துட்டீங்க."

அவன் சிரிக்க முயன்று இருமினான். குடலிறக்கமாம். பலகை தூக்கித் தூக்கி வந்தது. அறுக்க வேண்டுமாம். "இப்பவே படுத்தா அபராதம்ங்கிறாங்க. கொஞ்சம் அனுப்பினீன்னா..."

"நானும் அதுக்காகத்தான் காத்திருக்கேன். வயித்துல கல்லு. நீங்களும் காத்திருங்க."

அந்தப் பக்கம் ஆற்றில் ஒரு மோட்டார் படகு போகும் சத்தம் கேட்டு, தேய்ந்தது.

அதற்குப் பிறகு பெரும்பாலான மாலைகளில் அவன் அழைத்தான். பணம் கேட்கவில்லை. வலிக்குதா என்பான், வலிக்குது என்பாள். இருமினா பிடிச்சுக்குது என்பான், இருமாதீங்க என்பாள். அழைப்பைத் துண்டிக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பாள். கூடவே வேறு யாரும் வலிக்குதா என்று கேட்பதில்லை என்பதும் நினைவுக்கு வரும். அந்த நினைப்பின்மேல் அவளுக்குக் கோபம் வந்தது.

"அவ உங்களுக்குக் கஞ்சி வச்சுத் தர்றாளா?"

"அவ போயி ரெண்டு வருஷம் ஆச்சு."

ஏன் திரும்பி வரவில்லை என்று அவள் கேட்கவில்லை.

நாற்பத்தைந்து நாளும் கழிந்து, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின மாலை அவள் சொன்னாள்: "உங்களுக்கு அறுத்து முடிஞ்சதும் குடிமாறின கடுதாசி அனுப்பிடுங்க. பேரை எடுத்துடறேன்."

"அனுப்பறேன்."

"பத்தாம் தேதிக்குள்ள இந்த மாசச் சந்தா கட்டணும். நான் படுத்திருப்பேன். இந்த ஒரு மாசம் நீங்க கட்டுங்க. ரெண்டு பேருக்கும்."

"கட்டிடறேன் தார்சி. கண்டிப்பா."

அட்டை வேலை செய்தது. கல்லை எடுத்து ஒரு சின்னக் குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். இவ்வளவு சின்னதா என்றிருந்தது.

பத்தாம் தேதி காலையிலேயே ஆஸ்பத்திரிக்கு வந்து, சந்தாவைத் தானே கட்டிவிட்டு வருவதாகப் பணத்துக்குக் கை நீட்டினாள் ரசெம்.

"சாயந்தரம் வரைக்கும் பாப்போம்க்கா."

"கட்டிடுவான்னு நம்பறியா?"

தார்சினா குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் படுக்கையிலிருந்து இறங்கிச் சுவரில் ஏறும் வரை ரசெம் காத்திருந்தாள். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து பணத்தை எடுத்தாள். "போய்க் கேட்டுப் பாருங்க. கட்டலைன்னா கட்டிடுங்க."

ரசெம் ரசீதுடன் திரும்பினாள். அதில் இரண்டு பெயர்கள்.

இருட்டும் நேரத்தில் கைபேசி அடித்தது.

"தார்சி, மேஸ்திரி இந்த வாரக் கூலி..."

"கட்டிட்டேன்."

அந்தப் பக்கம் அவன் இருமுவது கேட்டது.

"வலிக்குதா?" என்றான் கடைசியில்.

"தையல்தான் இழுக்குது. உங்களுக்கு எப்ப?"

"திங்கக்கிழமை."

"செவ்வாக்கிழமை கடுதாசியை எழுதுங்க. கூட யாரு இருப்பா?"

"யாரும் இல்ல" என்றான். அவள் கைபேசியைக் காதிலேயே வைத்திருந்தாள்.