குளச்சலுக்கு ஒரு கணப்பு

…சிவப்பா, வெள்ளையா, இரண்டு நிறத்தில் ஒன்றைச் சொல்ல ஒரு பெண்ணுக்கு இவ்வளவு நேரமா என்று கல் விற்கிற கௌஸ் முகம்மது நினைத்துக்கொண்டிருப்பார், நினைக்கட்டும், வாரத்தில் கிடைக்கிற ஒரே விடுமுறையைக் கொடுத்து ராஸ் அல் கைமாவிலிருந்து பஸ் மாறி துபாய் அல் கூஸில் இந்தக் கிடங்குக்கு வந்திருப்பவள் ஷிஜி, அவரில்லை. மேஜைமேல் வரிசையாகக் கிடந்தன செங்கற்கள், முழுக் கல் இல்லை, ரொட்டித் துண்டு மாதிரி மெல்லியதாக அறுத்தவை, சுவரில் ஒட்டினால் முழுக்கல் கட்டியது போலவே இருக்குமாம். சிவப்பை எடுத்தாள், நன்றாக வெந்த சிவப்பு, ஓரங்களில் கொஞ்சம் கருகல், உள்ளங்கையில் சொரசொரவென்று உட்கார்ந்தது. அதை வைத்துவிட்டு வெள்ளையை எடுத்தாள், சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி ஒரு சாம்பல் வெள்ளை, வழவழப்பு… இதையும் வைத்தாள். “பைய பாருங்க சிஸ்டர், கல்லு எங்கயும் ஓடிறாது” என்றார் கௌஸ் முகம்மது, மேலப்பாளையத்துக்காரர், நர்ஸ் என்று சொன்ன நிமிடத்திலிருந்து சிஸ்டர்தான். பையத்தான் பார்ப்பேன், குளச்சலில் எழும்பிக்கொண்டிருக்கும் அந்த வீட்டில் நான் கையால் தொட்டு வாங்கும் முதல் பொருள் இது, தெரியுமா உங்களுக்கு? வாசல் கேட், தரை டைல்ஸ், ஹால் பெயின்ட், மாடிப்படிக் கைப்பிடி, எல்லாம் போனில் பார்த்து, போனில் சரி சொல்லி, போனிலேயே முடிந்தவை. இது மட்டும் கையில்.

ஹாலில் ஒரு கணப்பு. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், மார்கழியிலும் ஃபேன் போடுகிற ஊரில் எதற்கு ஃபயர்ப்ளேஸ் என்று கேட்காதவர்கள் இல்லை, எஞ்சினியர் கேட்டார், மேஸ்திரி கேட்டார், மாமியார் “அடுப்ப எவளாவது ஹால்ல வைப்பாளா பிள்ளே” என்று கேட்டார். எரியாது அத்தை, கரண்டில் சிவப்பாக வெளிச்சம் மட்டும் ஆடும் என்று சொல்லிப் பார்த்தாள், “எரியாத அடுப்பா!” என்று அதற்கும் ஒரு சிரிப்பு. காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்படியான காரணமா அது? நஜீஹா மேடத்தின் அம்மாவுக்கு ஹோம் நர்ஸாக அந்த மலையடிவார வில்லாவுக்குப் போன முதல் குளிர்காலம், ஹாலில் செங்கல் பதித்த கணப்பு, அதன் முன்னால் கிழவியைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, போர்வையை மடியில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது நஜீஹா மேடம்தான் ஆசையாக “நில்லு, படம் எடுக்கிறேன்” என்றார். யூனிஃபார்மில்தான் நின்றாள், ஆனாலும் அந்த வெளிச்சத்தில் முகம் எப்படி இருந்தது! குடும்ப குரூப்பில் போட்டாள். கணவன் பெபினின் தங்கை சுகிர்தராணி, அவளுக்கு விரல் எப்போதும் துடிப்பாக இருக்கும், உடனே எழுதினாள், “மைனி சூப்பரா இருக்கு. இது யாரு வீடு?” கூடவே சிரிக்கிற முகங்கள். யாரு வீடு… போன வருஷம் கிறிஸ்துமஸ் படம் யாரோ டாக்டர் வீட்டு மரத்துக்கு முன்னால், அதற்கு முந்தையது ஒரு ஹோட்டல் வாசலில், கணக்குப் பார்த்தால் கல்யாண ஆல்பத்துக்குப் பிறகு ஷிஜி நின்றதெல்லாம் அடுத்தவர் சுவருக்கு முன்னால்தான். அன்றைக்கு முடிவு செய்தது இது. புது வீட்டு மந்திரிப்பு அன்று பாதர் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனதும், கருநீலப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு கணப்புக்கு முன்னால் நின்று ஒரு படம், அதை அதே குரூப்பில் போட்டு, அதற்குக் கீழே ஒன்றும் எழுதப் போவதில்லை. கேட்கட்டும் சுகிர்தராணி, யாரு வீடு என்று.

“மீன்முள் மாதிரி அடுக்குனா இப்ப ஃபேஷன் சிஸ்டர்” என்று கௌஸ் முகம்மது துண்டுகளைச் சாய்த்துச் சாய்த்து வைத்துக் காட்டினார், நடுவில் ஒரு கோடு, இருபக்கமும் முட்கள். அட, இது மத்தியின் முள்ளல்லவா, அப்பா கரைமடி வலை இழுத்த வீட்டில் பிறந்தவள் மீன்பிடிப் போட் வைத்திருக்கும் பெபினின் வீட்டுக்கு வாக்கப்பட்டு இப்போது சுவரிலும் மீன்முள்ளே பதிக்கிறாள், நினைத்தாலே நெஞ்சு நிமிர்ந்தது, இதுதான், வேறு அடுக்கே வேண்டாம். நேரான வரிசை எல்லார் வீட்டிலும் இருக்கும், மீன்முள் எங்கள் வீட்டில் மட்டும். பெபினுக்கு வீடியோ கால் போட்டாள். கரையில் நின்றான், பின்னால் காற்று. “ஏட்டி, நான் திரும்பவும் சொல்லுகேன், ஆரல்வாய்மொழிப் பக்கம் போனா சூளை சூளையா செங்கல் கெடக்கு, நீ துபாய்ல இருந்து செங்கல கார்கோல அனுப்புகியே. ஊர்ல கேட்டா வாயால சிரிக்கமாட்டானுவ.” சிரிக்கட்டும். “எல்லாரு வீட்டுக்கும் கார்கோல சோப்பும் பால்பொடியும் வருது, நம்ம வீட்டுக்குச் சுவரு வருதுண்ணு சொல்லுங்க” என்றாள், கௌஸ் முகம்மதுவே சிரித்துவிட்டார். “சரி தாயே. பால் காய்ச்சுகதும் அதுலதானா?” “ஒமக்கு வேணும்னா அதுல கட்டஞ்சாயா போட்டுத் தாரேன்.” அவன் கேலி செய்யும்போதும் குரலில் ஒரு பெருமை இருப்பது இவளுக்குத் தெரியும், டீக்கடையில் ‘அது என் பெண்டாட்டி அனுப்புனது’ என்று அவனே முதல் ஆளாகச் சொல்வான்.

நிறம்… நிறம்தான் பாக்கி. சிவப்பைச் சுவரோரமாகச் சாய்த்து ஒரு படம் எடுத்தாள். திரையில் அது கருப்பாகத் தெரிந்தது, கரி பிடித்தாற்போல, ஓரத்துக் கருகல் எல்லாம் அழுக்குத் திட்டுகள். விளக்கடிக்குக் கொண்டுபோனாள், இப்போது கண்ணைக் குத்துகிற ஒரு ரத்தச் சிவப்பு. வெள்ளையை எடுத்தாள், எந்தப் பக்கம் திருப்பினாலும் அழகு, பத்திரிகை விளம்பரம் மாதிரி. இரண்டையும் மாறி மாறி எடுத்தாள், பெரிதாக்கிப் பார்த்தாள், வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தாள். “கல்லு கையில இருக்கு, நீங்க போனையே பாக்குறீங்களே சிஸ்டர்” என்றார் கௌஸ் முகம்மது. ஆமாம், பழகிவிட்டது… வெள்ளைதான் என்று தோன்றியது. படங்களை அனுப்பினாள். பெபின் பார்த்தான், காற்றில் கண்ணைச் சுருக்கினான். “செவப்பு என்னடி, சுகி பாத்தா கரி பிடிச்ச அடுப்புண்ணு சொல்லுவா.” “நேர்ல அப்படி இல்ல, சொரசொரண்ணு அவ்வளவு நல்லா இருக்கு.” “அப்ப செவப்ப எடு.” “படத்துல நல்லா வரல்லியே.” அவன் ரொம்ப அன்பாகத்தான் சொன்னான், அன்பைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை, “அப்ப வெள்ளைய எடு பிள்ளே. நாங்க நேர்ல பாத்துக்கிடுவோம், எங்களுக்கு எதுனாலும் ஒண்ணுதான். நீதானே போன்ல பாக்கணும். ஒனக்கு எது நல்லாத் தெரியுதோ அத எடு.”

கிடங்கின் வாசலில் ஒரு லாரி பின்னுக்கு வந்தது, கூவியது, நின்றது. நீதானே போன்ல பாக்கணும்… அவன் சொன்னதில் என்ன தப்பு, கேட், டைல்ஸ், கைப்பிடி எல்லாவற்றையும் அப்படித்தானே பார்த்தாள், அப்படித்தானே தேர்ந்தெடுத்தாள், கருநீலப் பட்டுப் படத்தைக்கூட மனதில் எங்கே பார்த்தாள், குரூப்பில்தானே? மேடத்தின் அம்மாவை விட்டுவிட்டு மந்திரிப்புக்கு லீவு கேட்டாளா, கேட்பாள், கேட்க வேண்டும்… இன்னும் கேட்கவில்லை. “லைன்ல இருக்கியா?” என்றான் பெபின். “இரிங்க” என்று போனைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். சிவப்பை எடுத்து இரண்டு கையாலும் பிடித்தாள், விரல்களில் செம்மண் தூள் ஒட்டியது, கனம் இருந்தது, அவள் உழைத்து வாங்குகிற கனம், அதில் ஒரு குறையும் இல்லை. “ஆர்டர்ல எதை எழுதட்டும் சிஸ்டர்?”

“சிவப்பு. மீன்முள்ளா.”

“போட்டோல கருப்பா வருதேன்னு சொன்னீங்க?”

“வரட்டும்” என்றாள். படத்தில் நன்றாக வராத கல், அழகைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்தில் போய்த்தான் நிற்க வேண்டும். கௌஸ் முகம்மது எழுத ஆரம்பித்தார், மேஜைமேல் கவிழ்ந்து கிடந்த போனுக்குள்ளிருந்து பெபினின் குரலும் குளச்சல் காற்றும் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தன, ஷிஜி கல்லைக் கீழே வைக்கவில்லை, மேடத்திடம் லீவுக்கு எப்படித் தொடங்குவது… மேடம், என் வீட்டில் ஒரு கணப்பு…