பதினான்கு ஃப்ளாப்பிகள்

2001 ஜூலையில் ஒரு வியாழக்கிழமை, புனே ஏரவாடாவில் இருந்த காசநோய் தர்ம ஆஸ்பத்திரிக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. கேம்ப் பகுதியில் உள்ள கம்ப்யூட்டர் கடையிலிருந்து அதைக் கொண்டுவந்த, தமிழ் பேசும் முகமது ரஃபீக், அட்டைப்பெட்டியைப் பிரித்தபடியே, "பழசை எக்ஸ்சேஞ்ச்ல போட்டிருக்குக்கா. அஞ்சு மணிக்கு டெம்போ வரும்," என்றான்.

"அதுல இருக்கறதெல்லாம் முதல்ல இதுக்கு வரட்டுங்க. அப்புறம் எடுத்துட்டுப் போங்க," என்றாள் வனஜா.

கோயம்புத்தூர்க்காரியான வனஜா, கணவருக்கு வங்கியில் மாற்றலானபோது புனேவுக்கு வந்தவள். ஆஸ்பத்திரியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து ஏழு வருஷம். பழைய கம்ப்யூட்டரில் மூவாயிரத்து எண்ணூறு நோயாளிகள் இருந்தார்கள். யார் எந்த மாதம் மருந்து தொடங்கினார், எந்த மாத்திரை யாருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, யார் பாதியில் நிறுத்திவிட்டுப் போனார் என்பதெல்லாம் அதில்தான். காகிதத்தில் எதுவும் கிடையாது. நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழையில் கூரை ஒழுகி, அலமாரியிலிருந்த அட்டைகளெல்லாம் கூழாகிவிட்டன. எழுத்து தெரிந்தவற்றை வனஜா மின்விசிறிக்கடியில் உலர்த்தினாள். தெரியாதவற்றுக்கு, தனக்குத் தெரிந்த அரைகுறை மராத்தியோடு சந்து சந்தாக அலைந்து, ஆட்களைக் கண்டுபிடித்துக் கேட்டாள். எல்லாவற்றையும் தட்டி ஏற்ற எட்டு மாதம் ஆயிற்று.

அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறாமல் எல்லாவற்றையும் பதினான்கு ஃப்ளாப்பிகளில் நகலெடுத்து, கைப்பையில் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவாள். அந்த ஃப்ளாப்பிகளைத்தான் இப்போது ரஃபீக்கிடம் நீட்டினாள்.

"ஷாபாஷ். பாதி வேலை முடிஞ்சிருச்சு," என்றபடி முதலாவதைப் புதுக் கம்ப்யூட்டரில் செருகினான். படிக்க முடியவில்லை என்றது திரை. இரண்டாவதும் அப்படியே. பதினான்கும் அப்படியே.

"பழசுல போட்டுப் பாருங்க."

பழையதில் எல்லாம் திறந்தது. ரஃபீக் தன் பையிலிருந்து புது ஃப்ளாப்பி ஒன்றை எடுத்து, பழையதில் எதையோ எழுதி, புதியதில் போட்டான். படிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"பழசோட ஃப்ளாப்பி டிரைவுல எழுதுற தலை கொஞ்சம் நகந்து போயிருக்குக்கா. அது எழுதினது அதுக்கு மட்டும்தான் புரியும். வேற எந்த மெஷினுக்கும் புரியாது."

வனஜா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு வாரமும் நகலெடுத்த பிறகு திறந்தும் பார்த்திருக்கிறாள். ஆனால் இதே கம்ப்யூட்டரில். நடுவில் ஏதாவது ஒரு நாள் இது நின்றுபோயிருந்தால், அவள் வீட்டு பீரோவில் இருந்தது வெறும் பிளாஸ்டிக்.

"ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிப் புதுசுல மாட்டிடலாம். அரை மணி வேலை," என்றான் ரஃபீக்.

"ஒரு மாசமா காலைல போட்டா கரகரன்னு சத்தம் போட்டு, மூணு தடவை நாலு தடவைக்கு அப்புறம்தான் சுத்துது. கழட்டி மாட்டினா சுத்துமா?"

"கியாரண்டி குடுக்க முடியாது."

"அப்ப வேண்டாம்."

வேறு வழி உண்டா என்று கேட்க அவன் கடைக்கு போன் செய்யப் போனான். வனஜா, திறந்து கிடந்த பழைய பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கையை விரித்தபடி திரும்பி வந்ததும், "ஏனுங்க, இந்த ஃப்ளாப்பி போடற டிரைவு மட்டும் தனியாக் கழண்டு வருமா?" என்று கேட்டாள்.

"வரும். நாலு ஸ்க்ரூ."

"அதைப் புதுசுல மாட்டினா? எழுதினதே அதுதானே. படிக்கவும் படிக்கும்ல?"

ரஃபீக் ஸ்க்ரூ டிரைவரால் தலையைச் சொறிந்தான். "அரே... படிக்கணும்க்கா. ஹான், படிக்கும்."

போன வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஏற்றியவையும் சேரும்படி, இன்றைய தேதி வரை உள்ளதைப் பழையதிலிருந்து அவன் புது ஃப்ளாப்பிகளில் எழுதத் தொடங்கினான். அது முடிந்து சுவிட்சில் கை வைத்தபோது வனஜா தடுத்தாள்.

"இன்னொரு செட்டு எழுதிருங்க. இதை அணைச்சா மறுபடி எழும்புமோ என்னமோ."

"ஒண்ணு போதும்க்கா. டைம் பாருங்க, மூணாகப் போகுது. ஃப்ளாப்பியும் தீந்திருச்சு."

"நான் வாங்கிட்டு வர்றேன். போன வாரத்து செட்டு மேல எழுத வேண்டாம். டெம்போ வந்தா நிக்கட்டும்."

வெளியே நல்ல மழை. ஸ்டேஷனரி கடையில் பத்துதான் இருந்தது. மீதி நான்கை ஒரு ஜெராக்ஸ் கடைக்காரரிடம் கேட்டு வாங்கினாள். பிளாஸ்டிக் பையில் சுற்றி ரெயின்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தபோது புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. ரஃபீக் கையை நீட்டி வாங்கிக்கொண்டான்.

இரண்டாவது செட் முடிய நாலரை ஆயிற்று. பழையதை அணைத்து, டிரைவைக் கழற்றி, புதியதில் இருந்த டிரைவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மாட்டினார்கள். முதல் ஃப்ளாப்பி படித்தது. எட்டு வரை தடையில்லை. ஒன்பதாவது தட்தட்டென்று அடித்துக்கொண்டு நின்றுவிட்டது. துடைத்துப் போட்டும் பயனில்லை.

வனஜா இரண்டாவது செட்டிலிருந்து ஒன்பதை எடுத்துக் கொடுத்தாள். டிரைவின் பச்சை விளக்கு எரிந்தது, நெடுநேரம் எரிந்தது, அணைந்தது. படித்துவிட்டது.

பதினான்கிலும் இருந்தது புதுக் கம்ப்யூட்டரில் ஏறி முடிந்தபோது அவள் எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் திருப்தியடையவில்லை. தனக்குத் தெரிந்த பெயர்களாகத் தட்டினாள். யசோதா காம்ப்ளே, நான்காம் மாதம், காதில் இரைச்சல் என்றதால் ஊசி நிறுத்தப்பட்டது. சரி. அன்று காலை கடைசியாக ஏற்றிய பெயரும் இருந்தது. அப்படி இருபது பேரைப் பார்த்த பிறகுதான் நாற்காலியில் சாய்ந்தாள்.

ரஃபீக் சும்மா இருக்காமல் பழையதன் சுவிட்சைப் போட்டான். கரகரவென்றது, நின்றது. மறுபடி போட்டான். ஐந்தாவது முறை அந்தச் சத்தமும் வரவில்லை. அவன் வனஜாவைப் பார்த்தான்.

"ஒரு செட் போதும்னு சொன்னேன்க்கா."

"விடுங்க. எழுதினது நீங்கதானே."

வாசலில் டெம்போக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். ராணுவத்தில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்று இந்த ஆஸ்பத்திரியை நடத்திவந்த பக்தவத்சலம் உள்ளே வந்தார். "என்னம்மா, முடிஞ்சுதா இல்லையா?"

"முடிஞ்சுதுங்க டாக்டர். ஆனா ஒண்ணு சொல்லணும்." மூன்று வருஷத்துக்கும் மேலான வெள்ளிக்கிழமை நகல்களும் வேறெங்கும் பயன்பட்டிருக்காது என்பதை மறைக்காமல் சொன்னாள். "வேற மெஷின்ல போட்டுப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்லைங்க. என் தப்புதான்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உனக்கு அதை யார் சொல்லிக் குடுத்தா? நானும் ஒரு நாள்கூட கேக்கலையே. இனிமே என்ன பண்றதா உத்தேசம்?"

"புது டிரைவை மறுபடி மாட்டி, இதுல ஒரு செட்டு எழுதி, இவர் கடைக்கே எடுத்துட்டுப் போய் அங்க திறந்து பாக்கப் போறேனுங்க."

"நாளைக்குப் பண்ணலாமேக்கா," என்றான் ரஃபீக்.

"இன்னைக்கே."

ஏழு மணிக்கு இருவரும் ஆட்டோவில் கேம்ப் போய்ச் சேர்ந்தார்கள். கடையை மூடும் நேரம். ரஃபீக் பாதி இறங்கியிருந்த ஷட்டரை மேலே தள்ளி, உள்ளே ஒரு கம்ப்யூட்டரைப் போட்டான். உட்காரச் சொன்னதற்கு வனஜா வேண்டாமென்று தலையசைத்தாள். ஒன்றிலிருந்து பதினான்கு வரை ஒவ்வொன்றாக அவளே கையில் எடுத்துக் கொடுத்தாள். எல்லாம் திறந்தது.

பிறகுதான் கடை போனில் வீட்டுக்குக் கூப்பிட்டாள். "வந்துட்டிருக்கேன். குக்கர்ல சாதம் மட்டும் வெச்சிருங்க," என்று கணவரிடம் சொன்னாள். ரஃபீக் பக்கத்துக் கடையிலிருந்து வாங்கி வந்த வடா பாவ் பன்னை, நின்றபடியே, ஒரு துளி மிச்சம் வைக்காமல் தின்றாள்.